மை அழியும், பொறி மறக்காது!

கடவுச்சீட்டில் குத்திய முத்திரை மங்கும். ஏடு புரட்டும் அதிகாரியும் சில வேளை கண்ணயர்வார். பொறி அயருமா?

ஐரோப்பாவின் 29 நாடுகள், 2025 அக்டோபர் 12 முதல், முத்திரைக்குப் படிப்படியாக விடைகொடுத்து, அயல்நாட்டாரின் முகத்தையும் விரல்ரேகையையும் கணிப்பொறியில் பதியத் தொடங்கின. வணிகம் பேசப் பாரிசு செல்லும் இலண்டன்காரரும் அங்கே அயலார்தாம். பிரெக்சிட் தந்த பரிசு அது!

கட்டணம் இல்லை, பதிய மறுத்தாலோ கதவு திறவாது. எந்த 180 நாளிலும் 90 நாளே தங்கலாம். வந்த நாளும் சேரும், போகும் நாளும் சேரும். பாரிசில் கழித்ததும் பெர்லினில் கழித்ததும் ஒரே கணக்கு!

பொறி சொல்வதே வேதமா? அல்ல! வெளியேறிய பதிவு விடுபட்டால், வீடு திரும்பியவரும் தங்கிவிட்டவராகத் தோன்றுவார். பதிவைக் காணவும் திருத்தக் கோரவும் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஆனால் சான்று வேண்டுமே!

ஆகவே, ஊழியரை அனுப்பும் நிறுவனத்தாரே, பயணச்சீட்டோடு நாட்குறிப்பேடும் கொடுங்கள். சீட்டுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். காசுக்கணக்கை நுணுகிப் பார்க்கும் நீங்கள், நாட்கணக்கை மட்டும் ஊழியர் தலையில் சுமத்தலாமா? இலாபம் உங்கள் பேரேட்டில் ஏறும். தடையோ அவர் பெயரில் அல்லவா விழும்!