வீடு காத்திருக்கும், கால் காத்திருக்குமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்றனர் நம் முன்னோர். அவர்கள் இன்று தலைநகரில் வாழ நேர்ந்திருந்தால், "வீட்டுக்கு முன்பணம் கொடுத்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பர்! வேலை தேடித் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பம், பல்லாண்டுச் சேமிப்பைத் திரட்டி, வங்கிக் கடனும் பெற்று, நொய்டாவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் பதிவு செய்கிறது. குறித்த நாள் வருகிறது, வீடு வருவதில்லை. ஒரு கை வாடகை கொடுக்கிறது. மறு கை கடன் தவணை கட்டுகிறது.

இஃது ஒரு வீட்டின் கதை அன்று. அம்ரபாலி வழக்கில் 2019 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் அக்குழுமத்தின் பதிவையே நீக்கி, அரைகுறையாய் நின்ற கட்டடங்களை முடித்துத் தரும் பணியை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. அதில் வீட்டுக்காகக் காத்திருந்தோர் 40,000-க்கும் மேற்பட்டோர்.

மயூர் விகாரில் நான் நன்கறிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. தந்தை அலுவலகத்தில் பணியாற்றுகிறார், தாய் பள்ளி ஆசிரியை, பிள்ளைகள் இருவர். வேறொரு நிறுவனத்திடம் அவர்கள் பதிவு செய்த வீடு மூன்று ஆண்டுகளாக "அடுத்த மாதம்" என்ற ஒரே சொல்லில் நிற்கிறது. இதற்கிடையே நவராத்திரி வந்துவிட்டது. வாடகை வீட்டின் சிறு கூடத்தில் ஐந்து படிகள். அட்டைப் பெட்டிகளை அடுக்கி ஒரு கோபுரம், வண்ணத்தாளில் பூமாலை, மண் பரப்பிய தட்டில் கேழ்வரகு முளைத்த பூங்கா, பழைய கண்ணாடியில் ஒரு குளம்! பிள்ளைகளின் களிப்புக்கு அளவில்லை.

ஆனால், அந்த அம்மையார் காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது குதிகாலில் ஆணி தைத்தாற்போல் வலிக்கிறது. பகலெல்லாம் வகுப்பறையில் நின்று, மாலையில் அடுப்படியில் நின்று, இரவில் கொலுப்படி முன் நிற்கிறார். மருத்துவரிடம் போகலாமே என்றால், "கொலு முடியட்டும்" என்கிறார். கொலு முடிந்தால், "புது வீட்டுக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்.

ஏன் இப்படி? வீட்டுக்குச் சட்டம் இருக்கிறது. கொலுவுக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. காலுக்கு என்ன இருக்கிறது? நாள் குறிக்கப்படாத காரியமே எல்லாக் குடும்பங்களிலும் தள்ளிப்போகிறது. அந்தக் காரியம் பெரும்பாலும் தாயின் உடல்நலமாகவே அமைந்துவிடுகிறது. இதை நான் கண்டிக்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் வீட்டு விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பாருங்கள். வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைக் கட்டுநர் தனிக்கணக்கில் வைக்க வேண்டும். சொன்ன நாளில் வீட்டைத் தராவிட்டால், நாம் பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம். அல்லது காத்திருந்து, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். காலைக் கவனிப்பதில் செய்யும் தாமதத்துக்கும் வட்டி உண்டு, நண்பர்களே. ஆனால் அதைக் கட்டுபவர்கள் நாமே!

மனித உடலின் 206 எலும்புகளில் 52 இரு பாதங்களில் உள்ளன. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லின் நாண்போல் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. கடினமான தரையில் நெடுநேரம் நிற்பதாலும், தேய்ந்த செருப்பாலும் அது நைந்து நோகும்போது, காலையின் முதலடி கொடிதாகிறது. பெரும்பாலோர்க்கு இதற்கு அறுவை தேவையில்லை. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி மடக்கும் எளிய பயிற்சி, மெத்தென்ற காலணி, நிற்கும் நேரத்தைக் குறைத்தல் ஆகியவையே போதும். ஆனால் குணமாகப் பல மாதங்கள் ஆகும். ஆதலால்தான் இன்றே தொடங்க வேண்டும் என்கிறேன். "வீட்டுக்குள் செருப்பா?" என்று முகம் சுளிக்க வேண்டா, வீட்டுக்கென்றே தனியாக ஒரு சோடி வைத்துக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்க்கோ இது இன்னும் பெரிய செய்தி. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. அந்நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கலாம். பட்ட புண்ணும் தெரியாமல் போகலாம். அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும்.

"அப்படியானால் கொலுவை நிறுத்திவிடலாமே" என்பர் சிலர். கூடாது! சொந்த வீடு இல்லை என்ற ஏக்கத்தைப் பிள்ளைகள் மறப்பது அந்தக் காகிதப் பூக்களில்தான். நிறுத்த வேண்டியது கொலுவை அன்று; ஒருவரே நிற்கும் வழக்கத்தை. பூ ஒட்டுவது உட்கார்ந்து செய்யும் வேலை, அது தாய்க்கு. படி கட்டுதல், தோரணம் தொங்கவிடல், சுண்டல் கிளறுதல் எல்லாம் நின்று செய்யும் வேலை. அவை தந்தைக்கும் நமக்கும்.

தோழர்களே, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, "சாவி எப்போது கிடைக்கும்?" என்று கேட்கிறோம். "அம்மா, கால் எப்படி இருக்கிறது?" என்றும் கேட்போம். கேட்டதோடு நில்லாமல், மருத்துவரைப் பார்க்க ஒரு நாளைக் குறிப்போம், உடன் செல்வோம். புதுமனை புகும் நாளில், "வலக்காலை எடுத்து வைத்து வா" என்று அழைக்கப்போகிறோம். அந்த வலக்கால் வலிக்கும் காலாக இருத்தல் ஆகாது!