எழுபது வளைவுகளும் ஒரு கிழட்டுக் காரும்

கொல்லிமலைக்குப் போவதென்று தீர்மானமானதும் நம் வீட்டில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. நாமும் குழந்தைகள் இருவரும் ஒரு கட்சி. நம் சகதர்மிணி எதிர்க்கட்சி. மலைக்குப் போவதில் அவளுக்கு ஆட்சேபமில்லை; நம் அம்பாஸடர் காரில் போவதில்தான் ஆட்சேபம். "நாமக்கல்லிலிருந்து பஸ் போகிறதே!" என்றாள். தக்க பதில் இல்லாதபடியால் நாம் பேச்சை மாற்றினோம்.

அந்தக் கார் 1987-ஆம் வருஷத்தில் பிறந்தது. உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டபடியால், நம்முடையது சந்ததியற்ற ஒரு குலத்தின் மூத்த பிரஜை. லாரிகளுக்குப் பெயர்போன நாமக்கல்லில் மெக்கானிக்குக்குப் பஞ்சமேது? முதியவர் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஏறிப்போடுமுங்க, வாத்தியாரய்யா. இறங்கறதுதான் சோலி. எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதுலயே இறக்குங்க, பிரேக்கை நம்பாதீங்க" என்றார்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பிக்கிறது மலைப்பாதை. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றின் எண்ணையும் பெண் உரக்க வாசித்து வந்தாள். நாற்பதைத் தாண்டியதும் ரேடியேட்டர் பொங்கிற்று. பையன் துள்ளிக் குதித்து அதன் மூடியைத் திறக்கப் போனான். நல்லவேளையாகக் கையைப் பிடித்து நிறுத்தினோம். அழுத்தத்தில் அடைபட்ட நீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதியாமல் இருக்கும். மூடி திறந்த கணமே ஆவியாகி முகத்தில் சீறும். இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஒரு பிள்ளையும் அன்று பையன் கேட்டதுபோல் வாய்திறந்து கேட்டதில்லை! கார் ஆறும்வரை புளியோதரை சாப்பிட்டோம்.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை, அறப்பளீசுவரர் கோயில், ஆயிரம் படிக்குக் கீழே ஆகாச கங்கை எல்லாம் பார்த்தோம். நம் முழங்கால்கள் பட்ட பாட்டை எழுதப் புகுந்தால் பத்தி முடியாது.

இறங்கும்போது முதலில் இரண்டாவது கியரில்தான் வந்தோம். பின்னால் ஒரு பஸ் வந்து ஓயாமல் ஹாரன் அடித்தது. ஒதுங்கி வழி விட்டிருக்கலாம். நமக்கு ரோசம் வந்துவிட்டது. மூன்றாவதுக்கு மாற்றி, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தோம். ஏழெட்டு வளைவுக்குள் தீய்ந்த வாடை வந்தது. பிறகு மிதி பஞ்சுபோல் உள்ளே போயிற்று. டிரம்முக்குள் உராயும் பட்டை அளவுமீறிச் சூடேறினால் பிடிப்பை இழந்துவிடும். புத்தகத்தில் ஒரே வரி. இடப்பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும்போது அது ஒரு வரியாகத் தோன்றவில்லை.

கரகரவென்று இரண்டாவதுக்குத் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்து, மலைச்சுவரோரம் வண்டியை உரசினாற்போல் நிறுத்தினோம். பையன் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தான். பஸ் நம்மைக் கடந்து போயிற்று. பாதி இருக்கைகள் காலி. சகதர்மிணி அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரில் ஊர்ந்தோம். பெண் வளைவுகளை எண்ணவேயில்லை. காரவள்ளியில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் கவனித்தோம்: சக்கரத்துக்கு வைத்த கல்லைப் பையன் அதுவரை மடியிலேயே வைத்திருந்தான். "இனிமேல் இது வேண்டாமா, அப்பா?" என்றான்.