கூடமும் கோணலாக இருக்கலாம்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. கருவியைக் குறை சொல்லாதே, உன் கையைத் திருத்திக்கொள் என்பது அதன் பொருள். நல்ல அறிவுரைதான். ஆனால், அதை அப்படியே நம்பி நான் ஓராண்டை வீணாக்கினேன்.

இயந்திரவியல் பயின்று பட்டம் பெற்றாலும் எனக்கு வாய்த்த வேலை கணினி முன்தான். கையும் பழக வேண்டும் என்ற ஆசையில், கிள்ளானில் எங்கள் வீட்டின் பின்பகுதியில் சிறிய கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தேன். சேமிப்பெல்லாம் அதற்கே கரைந்துவிட்டது. அதனால், வெட்டுளியைப் பிடித்து நிறுத்தும் டூல் ஹோல்டர்களை மிக மலிவாக வாங்கினேன். பழகுபவனுக்கு இது போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. இரும்புத் தண்டின் முகப்பைச் சமன்செய்தால் நடுவில் சிறு குமிழ் மிஞ்சும். உளிமுனை மைய உயரத்தில் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். உயரத்தைச் சரிசெய்து இறுக்கினால், இறுக்கும்போதே மாறிவிடும். தண்டைத் துண்டிக்க முயன்றால் இயந்திரமே அதிரும்; உளி உள்ளே பாய்ந்து உடையும். ஒவ்வொரு முறையும் என் கையைத்தான் நொந்துகொண்டேன். ஏட்டுப் படிப்புக்காரனுக்கு இதெல்லாம் வராது என்று முடிவுகட்டி, இயந்திரத்தைத் துணிபோட்டு மூடியும் வைத்துவிட்டேன்.

பட்டறையில் 30 ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற என் மாமா ஒருநாள் வந்தார். ஹோல்டரின் மேல் டயல் கேஜின் முனையை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். முள் 0.15 மில்லிமீட்டர் நகர்ந்தது. பிறகு, டூல் போஸ்டின் புறாவால் வடிவ முகத்தில் நீல மை தடவி, ஹோல்டரை மாட்டிக் கழற்றினார். ஹோல்டரின் ஒரு மூலையில் மட்டுமே மை ஒட்டியிருந்தது.

“உன் கையில குறை இல்லடா. இதுதான் ஒழுங்கா உட்காரல” என்றார்.

எஃகைச் சூடாக்கிக் கடினப்படுத்தும்போது அது சற்றே கோணும். அதன்பின் சாணைபிடித்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நேரமும் செலவும் பிடிக்கும் வேலை அது. விலையைக் குறைக்க நினைப்பவர் கைவைக்கும் இடமும் அதுதான். மலிவானவை எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. அனுபவசாலி குறையைக் கண்டுபிடித்துவிடுவார். பழகுபவரோ தன்னையே குறைகூறிக்கொண்டு விலகிவிடுவார். ஆகவே, நல்ல ஹோல்டர் முதலில் தேவைப்படுவது பழகுபவருக்கே என்பது என் கருத்து.

பணம் போதவில்லையா? மலிவான பத்துக்குப் பதில் நல்லவை இரண்டு வாங்குங்கள். அதுவும் இயலாவிட்டால், பழைய நான்குமுக டூல் போஸ்டே போதும். குளிர்பான டின்னின் பக்கத் தகடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதை வெட்டி உளிக்கு அடியில் அடுக்கி உயரத்தைச் சரிசெய்யலாம். நேரம் பிடிக்கும், ஆனால் இறுக்கியபின் அசையாது. நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். தண்டின் நடுவில் குமிழ் மிஞ்சுவதில்லை.

மாணவ நண்பர்களே, ஒரு செயல் திரும்பத் திரும்பத் தவறினால் கையைத் திருத்துங்கள். ஆனால், எனக்கு இது வராது என்று விலகுவதற்கு முன், ஒருமுறை கூடத்தையும் அளந்து பார்த்துவிடுங்கள்.