கனடியக் காற்பந்து லீக்: மாணவர்களுக்குக் கதவைத் திறப்பது தேர்வா, கோட்டாவா?

கனடியக் காற்பந்து லீக் ஆண்டுக்கு ஒருமுறை பல்கலைக்கழக மாணவர்களிலிருந்து புதிய விளையாட்டாளர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ‘டிராஃப்ட்’ எனப்படும் இந்தத் தேர்வில் 2015 முதல் 2025 வரை முதலாவதாகப் பெயர் அழைக்கப்பட்ட 11 பேரும் கனடியர் என்ற தகுதி பெற்றவர்கள். ஆனால், அவர்களில் ஒருவர்கூட கனடியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் அல்லர். அனைவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழுக்களில் ஆடியவர்கள். அதற்கு முந்திய ஆண்டான 2014-இல்தான், லவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியேர் லவெர்ட்டு என்ற கனடியப் பல்கலைக்கழக மாணவர் முதலிடத்தில் தேர்வானார்.

கனடியர்களுக்காகவே நடத்தப்படும் ஒரு தேர்வில், கனடாவிலேயே படிக்கும் மாணவர்கள் முதலிடத்தை எட்ட முடியாமல் போவது ஏன்? அப்படியானால் இந்தத் தேர்வு அவர்களுக்கு உண்மையில் என்ன தருகிறது?

இது எந்தக் காற்பந்து?

இது மலேசியர்கள் அறிந்த காற்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், வீசியும், எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம். அமெரிக்க ஆட்டத்தில் ஓர் அணிக்கு 11 பேர். பந்தை 10 கெஜம் முன்னேற்ற நான்கு வாய்ப்புகள். கனடாவிலோ 12 பேர், மூன்றே வாய்ப்புகள். திடலும் பெரியது: அமெரிக்காவில் 100 கெஜம், கனடாவில் 110 கெஜம்.

வான்கூவர் முதல் மொன்றியல் வரை ஒன்பது குழுக்கள் இந்த லீக்கில் உள்ளன. அவை மோதும் இறுதிக் கிண்ணத்தின் பெயர் கிரே கிண்ணம்.

தேர்வு நடைபெறும் முறை

ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ தேர்வு நடைபெறுகிறது. அண்மைய ஆண்டுகளில் எட்டுச் சுற்றுகள். முந்திய பருவத்தில் பின்தங்கிய குழுக்களுக்கு முன்வாய்ப்பு. கிண்ணத்தை வென்ற குழு சுற்றின் இறுதியில். பலவீனமான குழு மேலெழ வேண்டும் என்பதே இதன் நோக்கம். குழுக்கள் தங்கள் வாய்ப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

அதற்கு முன், மார்ச் மாதத்தில் மாணவர்களை ஒரே இடத்துக்கு அழைத்துச் சோதிக்கிறார்கள். 40 கெஜ ஓட்டம், 225 பவுண்டு எடையை, அதாவது ஏறத்தாழ 102 கிலோவை எத்தனை முறை தூக்குகிறார் என்ற கணக்கு, உயரம் தாண்டுதல், நேருக்கு நேர் மோதல் என ஒவ்வொன்றும் பதிவாகிறது. குழு நிர்வாகிகள் மாணவர்களைத் தனித்தனியே நேர்காணலும் செய்கிறார்கள்.

ஒரு குழு பெயரை அழைத்துவிட்டால், இந்த லீக்கில் அந்த மாணவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்தக் குழுவுக்கே. மொன்றியலில் வளர்ந்தவரை வான்கூவர் குழு அழைத்தால் அவர் நாட்டின் மறுகோடிக்குப் போகத்தான் வேண்டும். பெயர் அழைக்கப்படாதவர்களோ எந்தக் குழுவோடும் தாமே பேசிச் சேரலாம். கனடியப் பல்கலைக்கழகத்தில் ஆடும் தகுதிக்காலம் மீதமிருந்தால், தேர்வான பின்னரும் படிப்புக்குத் திரும்பி இன்னோர் ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு ஆட முடியும்.

அமெரிக்க விளையாட்டாளர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. ஒவ்வொரு குழுவும் 45 பெயர்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு அவர்களுடன் நேரடியாகப் பேசுகிறது.

எல்லை தாண்டும் திறமை

கனடாவில் காற்பந்துக் குழு வைத்துள்ள பல்கலைக்கழகங்கள் 27. அவை வழங்கும் விளையாட்டு உபகாரச் சம்பளம் கல்விக் கட்டணத்தின் அளவைத் தாண்டக்கூடாது என்பது விதி. அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களோ கட்டணம், தங்குமிடம், உணவு என முழுச் செலவையும் ஏற்கின்றன. 2021 முதல், அங்குள்ள மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு விளம்பர வருமானம் ஈட்டவும் அனுமதி உண்டு.

அதனால் திறமைமிக்க கனடிய இளையர்கள் உயர்நிலைப்பள்ளி முடிந்ததும் தெற்கே போகிறார்கள். அங்கே வலிமையான எதிரிகளோடு மோதிப் பழகியவரைத்தான் குழுக்கள் முதலில் தேடுகின்றன. அமெரிக்காவிலேயே பிறந்து, பெற்றோர் வழியாகக் கனடியக் குடியுரிமை பெற்றவர்களும் இந்தத் தேர்வில் இடம்பெறுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிகச் சிறந்தவர்களை அமெரிக்க லீக்கான என்எஃப்எல் இழுத்துக்கொள்கிறது. மெக்கில் பல்கலைக்கழக மருத்துவ மாணவரான லோரன் டுவெர்னே-டார்டிஃபை 2014-இல் கால்கரி குழு தேர்ந்தெடுத்தது. அவர் கால்கரிக்கு ஆடவே இல்லை. அதே ஆண்டு அவரைத் தேர்வு செய்த கன்சாஸ் சிட்டி குழுவில் சேர்ந்து, 2020 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்றார். சம்பளத்தைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. கனடிய லீக்கில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2023 முதல் 70,000 கனடிய டாலர். என்எஃப்எல்லில் 2025-இல் புதிய விளையாட்டாளரின் குறைந்தபட்சம் 840,000 அமெரிக்க டாலர்.

உண்மையான காவல் எது?

இத்தனைக்குப் பிறகும் குழுக்கள் ஏன் கனடிய மாணவர்களைத் தேடுகின்றன? ‘கோட்டா’தான் காரணம். தாக்குதலுக்கு 12, தற்காப்புக்கு 12 என்று ஆட்டத்தைத் தொடங்கும் 24 பேரில் குறைந்தது ஏழு பேர் கனடியராக இருக்க வேண்டும் என்பது நீண்டகால விதி. அந்த ஏழு இடங்களையும், அவர்களுக்கு மாற்றாக நிற்போரின் இடங்களையும் நிரப்பியாக வேண்டும். பந்து வீசுபவருக்கு அரணாக முன்னே நிற்கும் தடுப்பாளர் இடங்களில் குழுக்கள் பெரும்பாலும் கனடியர்களையே வைப்பதால், டிராஃப்டில் தடுப்பாளர்களுக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

கோட்டா இல்லாவிட்டால் டிராஃப்ட் பெயரளவுக்கே மிஞ்சும். பெயரை அழைத்தாலும் களத்தில் இறக்கவேண்டிய கட்டாயம் இராது.

2022 மே மாதம் விளையாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. 1974-க்குப் பிறகு அந்த லீக்கில் நடந்த முதல் வேலைநிறுத்தம் அது. கனடியருக்கான இடங்கள் பேச்சுவார்த்தையின் முக்கியச் சிக்கல்களில் ஒன்று. முதலில் எட்டிய உடன்பாட்டை விளையாட்டாளர்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். பின்னர் ஏற்கப்பட்ட ஏழாண்டு ஒப்பந்தத்தில், லீக்கில் பல ஆண்டுகள் ஆடிய அமெரிக்கர் சிலரைக் கனடியர் கணக்கில் சேர்க்க வழி பிறந்தது. மறுபக்கம், கனடியர்களை அதிக நேரம் ஆடவைக்கும் குழுக்களுக்கு டிராஃப்டில் கூடுதல் வாய்ப்பு என்ற ஊக்குவிப்பும் சேர்ந்தது.

குழு உரிமையாளர்களின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரசிகர்கள் தரமான ஆட்டத்தைக் காணவே பணம் கொடுக்கிறார்கள். பல்லாண்டு தங்கிவிட்ட அமெரிக்கரை அந்நியராகவே நடத்துவதும் பொருந்தாது என்கிறார்கள். ஆனால் திறமை வெளிப்பட வாய்ப்பு வேண்டும் என்பதற்கு 2022 டிராஃப்டே சான்று. மொன்றியல் குழு முதல் பெயராக அழைத்தது அமெரிக்காவின் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய டைரல் ரிச்சர்ட்ஸை. அதே சுற்றில் ஒன்பதாவதாக அழைத்தது கால்கரி பல்கலைக்கழக மாணவர் டைசன் பில்பாட்டை. 2023 கிரே கிண்ண இறுதியாட்டம் முடிய 13 வினாடிகளே இருந்தபோது பந்தைப் பிடித்து, வின்னிபெக்கை 28-24 என வீழ்த்திய வெற்றிப் புள்ளிகளைப் பெற்றுத் தந்தவர் அந்த ஒன்பதாமவர்தான்.

அடுத்து என்ன?

2025 செப்டம்பரில் லீக்கின் ஆணையர் ஸ்டூவர்ட் ஜான்ஸ்டன் பெரிய மாற்றங்களை அறிவித்தார். அதன்படி 2027-இல் திடல் 110 கெஜத்திலிருந்து 100 கெஜமாகக் குறையும். 12 பேர், மூன்று வாய்ப்புகள் என்பவை நீடிக்கும். 2020 டிராஃப்டில் 15-ஆவதாகத் தேர்வாகி, 2022-இன் சிறந்த கனடிய விளையாட்டாளர் விருதையும் வென்ற நேதன் ரூர்க், இந்த மாற்றங்களை வெளிப்படையாகவே எதிர்த்தார்.

திடல் அமெரிக்க அளவை நெருங்க நெருங்க, இந்த லீக்கைக் கனடாவினுடையது என்று சொல்ல எஞ்சும் அடையாளங்களில் கோட்டாவின் எடை கூடுகிறது. 2022 ஒப்பந்தம் முடிவுக்கு வரும்போது அது மீண்டும் பேச்சுவார்த்தை மேசைக்கு வரும். டிராஃப்ட் மேடையில் யாருடைய பெயர் முதலில் ஒலிக்கிறது என்பதைவிட, அந்த மேசையில் எத்தனை இடங்கள் காக்கப்படும் என்பதே 27 பல்கலைக்கழகங்களில் ஆடும் மாணவர்களின் எதிர்காலத்தை முடிவுசெய்யும்.