கருவிலே மெலியும் குழந்தை

எட்டியாந்தோட்டையில் இறப்பர்ப் பால் வெட்டும் பெண்ணோ, இறக்குவானை மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணோ கருவுற்றால், அவளைக் காணவரும் மருத்துவமாதின் கையில் இருப்பது ஓர் அளவு நாடாவே. அதனை அற்பமென்று எண்ணலாகாது. 24ஆம் வாரத்தின் பின் கருப்பையின் உயரம் எத்தனை சென்றிமீற்றரோ, ஏறக்குறைய அத்தனை வாரக் கர்ப்பமென்று கொள்வர். 32ஆம் வாரத்தில் நாடா 28 என்று காட்டுமாயின் ஐயம் பிறக்கிறது. அவ்வையத்தைத் தீர்க்கவே ஸ்கான் எடுக்க அனுப்புகிறார்கள்.

செவிக்கு எட்டாத ஒலியை உள்ளே செலுத்தி, அதன் எதிரொலியைப் படமாக்குவதே இக்கருவியின் வேலை. உலோகத்தில் உள்ள வெடிப்பைக் காண ஆலைகளிற் பயன்பட்ட கருவியைக் கொண்டே கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்ட் பெண்களின் வயிற்றைச் சோதித்தார். அவரும் ஜோன் மக்விக்கார், ரொம் பிரவுண் என்போரும் 1958இல் 'லான்செற்' சஞ்சிகையில் அதனை வெளியிட்டனர். இஃது எக்ஸ்ரே கதிர் அன்று. குழந்தையைச் சுட்டுவிடுமோ என்று பாட்டிமார் அஞ்ச வேண்டியதில்லை.

தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகியவற்றை வைத்தியர் அளக்கிறார். பெரும்பாலும் வயிறே முதலிற் குறையும். நஞ்சுக்கொடி வழியே உணவும் பிராணவாயுவும் போதாதபோது, சிசுவின் உடல் மூளைக்கே முதற்பங்கை அளிக்கிறது. ஈரலின் சேமிப்புக் கரைகிறது. அரிசி குறைந்த வீட்டிற் தாய் தன் பங்கைக் குறைத்துக்கொள்வது போன்றதே இதுவும். இரண்டு மூன்று வாரங் கழித்து மீண்டும் அளந்தாலன்றி, இயல்பாகவே சிறிய குழந்தையையும் வளர்ச்சி குன்றிய குழந்தையையும் பிரித்தறிதல் அரிது. தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தையும் டொப்ளர் முறையாற் பார்ப்பர்.

ஆனால், வாரக் கணக்குச் சரியாக இருந்தாற்றான் இவ்வளவும் பயன்படும். கடைசி மாதவிலக்கின் திகதி நினைவில்லாதவள் 7ஆம் மாதத்தில் முதன்முறையாக வந்தால், குழந்தை சிறிதா, கணக்குத் தவறா என்று எவரால் உறுதியாகக் கூறமுடியும்? முதல் 3 மாதத்துள் எடுத்த ஸ்கான் கருவின் வயதைச் சில நாள் வித்தியாசத்திற் சொல்லிவிடும். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாட் பேர் போய்விடும், பஸ் செலவு வேறு என்று அவள் கணக்குப் பார்ப்பதை நான் குறைகூறேன். அதே கணக்கைக் கணவனும் மாமியாரும் பார்ப்பதுதான் எனக்கு உடன்பாடன்று.

2500 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்திலேயே கூடுதல் என்பதை 2006-07இலும் 2016இலும் நடந்த குடிசன, சுகாதார ஆய்வுகள் காட்டின. கருவி பார்க்குமேயன்றி ஊட்டாது. தாய்க்கென்று கொடுத்த திரிபோஷாவை வீடு முழுவதும் பங்கிட்டு உண்டால், எந்த ஸ்கான் என்ன செய்யும்?

வயிற்றினுள்ளே குழந்தையைக் கொழுக்கச் செய்யும் மருந்து இன்றுவரை இல்லை. அடிக்கடி பார்த்து, பிரசவத்துக்கு ஏற்ற நாளைத் தெரிவதே வைத்தியர் செய்யக்கூடியது. காலத்துக்கு முந்திப் பிறக்கவேண்டி வந்தால், சிசுவின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி ஏற்றுவர். இத்தகைய பிரசவம், குறைமாதக் குழந்தையைப் பேணும் வசதியுள்ள பெரிய வைத்தியசாலையில் நடைபெறுவதே நன்று. இடையிலே குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தாய் உணர்ந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே போகவேண்டும், இரவாயினுஞ் சரி.