சொல்வழி கேளாத நாயா?

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில், ஒன்பது மாதமேயான அல்சேஷன் நாயொன்று நாள்தோறும் அடி வாங்குகிறது. அதன் குற்றம், கட்டளைக்குப் பணியாமை. மாலையில் வேலை முடிந்து வரும் எசமானர் முற்றத்தில் நின்று "சிற்! சிற்! சிற்!" என்று ஏழெட்டுத் தடவை கத்துவார். நாய் மதிலுக்கு அப்பால் போகும் ஓட்டோவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு பிரம்பு வரும். "அண்ணை, இது சொல்வழி கேளாத சாதி" என்று என்னிடமும் முறையிட்டார்.

சாதியைப் பழிப்பது நமக்குக் கைவந்த கலை. அதே வீட்டில் அவருடைய வயது முதிர்ந்த தாயார் பின்கதவடியில் பிட்டுத் துண்டோடு நின்று மெதுவாக "வா" என்றால், அந்த நாய் எந்த மூலையில் கிடந்தாலும் ஓடிவருகிறது. ஆகவே அதற்குச் செவியும் உண்டு, அறிவும் உண்டு. இல்லாதது எது?

ஏழு தடவை சொல்லி எட்டாவது தடவையில் அடித்தால், முதல் ஏழும் வெறும் இரைச்சல் என்றே நாய் கற்றுக்கொள்ளும். சமையலறையில் கற்ற சொல் முற்றத்திலும் செல்லும் என்பது அதற்குத் தானாக விளங்காது; வாகனமும் பூனையும் உள்ள இடத்தில் மீண்டும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது, கடித்த செருப்புக்காக நாயைக் கூப்பிட்டு, அது வந்ததும் அடிப்பது. செருப்பைக் கடித்தது அரைமணி நேரத்துக்கு முன்பு. அடி விழுந்தது வந்ததற்கு. மறுநாள் கூப்பிட்டால் அது ஏன் வரும்? வராமலிருக்கக் கற்பித்தவர் எசமானரே.

வயதும் ஒரு காரணம். 2020இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், எட்டு மாத நாய்கள், வளர்ப்பவர் இட்ட 'உட்கார்' என்ற கட்டளைக்கு ஐந்து மாதத்தில் பணிந்ததைவிடக் குறைவாகவே பணிந்தன. அந்நியர் அதே கட்டளையை இட்டபோது அத்தகைய வீழ்ச்சி இல்லை. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ளோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இடுப்பு மூட்டு நோவுள்ள நாயும் உட்காரத் தயங்கும். அல்சேஷன்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். அதை மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும், பிரம்பிடம் அல்ல.

"நாய் ஓநாய் இனம், தலைவன் யாரென்று காட்டாவிட்டால் ஏறி மிதிக்கும்" என்பது படித்தவர்களின் வாதம். 1947இல் ருடோல்ஃப் ஷெங்கல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவிய எண்ணம் அது. அதை 1970இல் தம் நூலால் பரப்பியவர்களுள் ஒருவரான டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தகப்பனும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று 1999இல் எழுதினார். தம் பழைய நூலை மேலும் அச்சிட வேண்டாமென்று பதிப்பகத்தாரிடம் மன்றாடினார். எழுதியவரே கைவிட்டதை நம்மவர்கள் இன்னும் பிரம்பில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது அயலவர் பொறுமையாகக் கேட்டார். "அடியாத மாடு படியாது, அண்ணை" என்றார். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு தடவை 'சிற்' சொல்லிக் கையில் இறைச்சித் துண்டோடு காத்திருந்து பாருங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றிருக்கிறார். பிரம்பு இன்னும் கதவுமூலையில்தான் சாய்ந்திருக்கிறது.