வெற்றி விழாவும் பூட்டிய வாயிலும்

விளையாட்டு ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் பொதுவான செல்வம். களத்தில் நிற்பவர் பதினொருவரேயாயினும், வெயிலிற் காய்ந்தும் மழையில் நனைந்தும் அவர்களை ஊக்கியோரின் மூச்சும் வெற்றியிற் கலந்திருக்கிறது. ஆதலாலன்றோ ஊரார் அனைவரும் ‘நாம் வென்றோம்’ என்கின்றனர்! ஆயின், அவ்வெற்றியைக் கொண்டாடும் அரங்கின் வாயிலில், ‘உமது சீட்டு எங்கே?’ என்று அதே ஊராரை வினவுங் காலம் வந்துவிட்டது. கல்லூரி தன் விழா ஆண்டைக் கொண்டாடும் இவ்வேளையில் இது குறித்துச் சில கூற விழைகின்றோம்.

எம் தோட்டத்துப் பிள்ளைகளும் இந்தியப் பிரிமியர் லீக் அணிகளின் பெயர் பொறித்த சட்டையணிந்து திரிகின்றனர். ஆதலின் பெங்களூரில் நிகழ்ந்தது எமக்கு அயலார் செய்தியன்று. 2025 ஜூன் 3ஆந் திகதி அகமதாபாத்தில் ரோயல் செலஞ்சர்ஸ் பெங்களூர் அணி, பஞ்சாப் அணியை 6 ஓட்டங்களால் வென்று, 2008 முதல் காத்திருந்த கிண்ணத்தைத் தனது 18ஆவது பருவத்திற் பெற்றது. மறுநாளே பெங்களூரில் விழா ஏற்பாடாயிற்று. ஊர்வலம் நடைபெறும் என அணியின் சமூக வலைத்தளப் பக்கம் அன்று பிற்பகல் அறிவித்தது. அரங்கினுட் செல்லச் சீட்டு இலவசம், ஆயின் அளவானது, அதனையும் இணையத்திலேயே பெறல் வேண்டும். சின்னசுவாமி விளையாட்டரங்கு ஏறத்தாழ 35,000 பேரையே கொள்ளும். வந்தோர் இரண்டு மூன்று இலட்சம் என முதலமைச்சர் சித்தராமையா கூறினார். ஊர்வலமோ நடைபெறவில்லை. சீட்டுடையாரும் இல்லாரும் வாயில்களில் நெருக்குண்டனர். 11 பேர் மாண்டனர். ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டோருட் பெரும்பாலோர் இளையோர். வெளியே அவலம் நிகழ, உள்ளே விழா நடந்தது. பின்னர் அணியாரும் அரசினரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினர்.

இதற்கெல்லாம் பணமே காரணம் என்று எளிதிற் கூறிவிடலாம். அவ்வணி அப்போது ஒரு மதுபான நிறுவனத்தின் உடைமையாயிருந்தது. 2023 முதல் 2027 வரையான ஐந்தாண்டுகட்கு அப்போட்டிகளின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று. எனினும் பணத்தை முற்றாகப் பழித்தல் நேர்மையன்று. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் வறிய நெசவுத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்த நடராஜனை உலகறியச் செய்தது இதே போட்டியன்றோ? அவர் 2021 ஜனவரியில் அவுஸ்திரேலியாவிலிருந்து மீண்டபோது, ஊரார் அவரைக் குதிரை பூட்டிய இரதத்திலேற்றித் தெருவழியே அழைத்துச் சென்றனர். பணம் அவரை உயர்த்தியது. ஆயினும் அவரைக் காணும் உரிமை ஊராரிடமே இருந்தது.

எமது நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 2022 செப்டெம்பர் 11ஆந் திகதி எமது துடுப்பாட்ட அணி துபாயில் ஆசியக் கிண்ணத்தையும், வலைப்பந்தாட்ட அணி சிங்கப்பூரில் ஆசிய வாகையையும் வென்றன. எரிபொருளுக்காக மக்கள் வரிசையில் நின்ற ஆண்டு அது. 13ஆந் திகதி இரு அணியினரும் கட்டுநாயக்காவிலிருந்து கொழும்பு நோக்கி, மேற்கூரையற்ற பஸ் வண்டிகளில் ஊர்வலமாய் வந்தனர். வீதியோரத்தில் நின்றோரை எவரும் சீட்டுக் கேட்கவில்லை.

எம் முன்னோர் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தனர். மூலவர் கருவறையில் இருப்பார். உற்சவரோ வீதிக்கு எழுந்தருளுவார். கோயிலுக்கு வரவியலாத முதியோரும் பிணியாளரும் வாயிலில் நின்றே வணங்கும் பொருட்டன்றோ அம்முறை அமைந்தது? இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் மாரியம்மன் தேர் லயந்தோறும் செல்கின்றது. பெருங்கூட்டத்தை ஒரு வாயிலுக்கு அழைத்துப் பின் அதனைச் சாத்துவதினும், கொண்டாடப்படுவோர் மக்களிடஞ் செல்வதே அறிவுடைமை. திறந்த வீதியிலும் இடருண்டு. 2024 ஜூலை 4ஆந் திகதி இந்திய அணியின் மும்பை ஊர்வலத்திற் சிலர் நெரிசலுற்று மருத்துவமனை சென்றனர். ஆகவே முன்னேற்பாடும் காவலும் இன்றியமையாதன. ஒரே நாளில் அவசரமாய் விழா எடுப்பதினும், நான்கு நாட் பொறுத்து, வழியும் நேரமும் முன்னறிவித்து எடுப்பது மேல்.

எமது கல்லூரிக்கும் இது பொருந்தும். எம் மாணவரின் பெற்றோர் விடியலிற் பெரட்டுக்குச் சென்று, கொழுந்தெடுத்தும் பால்வெட்டியும் பிழைப்போர். ஒருநாட் பேரை இழந்து மைதானத்துக்கு வருதல் அவர்க்கு எளிதன்று. பிள்ளையின் சப்பாத்துக்கு அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் எந்த அனுசரணையாளர் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அனுசரணையாளரை நாம் வரவேற்கின்றோம்; அவர் பெயர் சட்டையில் விளங்கட்டும், பதாகையில் விளங்கட்டும். வாயிலின் திறவுகோல் மட்டும் அவர் கைக்குப் போகலாகாது.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம்: இவ்விழா ஆண்டுப் போட்டிகளுக்குப் பெற்றோரிடம் கட்டணம் பெறாதீர்கள். முன்வரிசை ஆசனங்களிற் பாதியை அவர்களுக்கென ஒதுக்குங்கள். எம் பிள்ளைகள் கிண்ணம் வெல்வாராயின், அதனை அதிபர் அறையில் வைக்குமுன், ஒரு ஞாயிறன்று லொறியிலேற்றி அவர்தம் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லுங்கள். லயத்து வாசலில் நிற்கும் தாய் அக்கிண்ணத்தைத் தன் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.